துளசிமணி சொன்ன நாட்களின் தண்ணீர்

ஊஞ்சமரத்துவலசில் ஐந்து வருஷமாக வேகாமல் கிடந்த துவரம்பருப்பு, ரங்காத்தாள் மகள் கல்யாணத்தன்று காலையில் ஒரே ஒரு அண்டாவில் மட்டும் பூவாக வெந்துவிட்டது. பந்தலின் அந்தக் கோடியில் இருந்த அண்டாவில் அதே பருப்பு, அதே விறகு, அதே சமையல்காரர், ஆனால் பருப்பு கல்லாகவே கிடந்தது. வெந்த அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் துளசிமணி. "என்ற கண்ணாலத்துல என்ன பலகாரம் போட்டாங்கன்னு உனக்கு நெனப்பிருக்குதா புள்ள?" என்று ரங்காத்தாள் போகிற போக்கில் கேட்டுவிட்டுப் போனாள். துளசிமணிக்கு அரைகுறையாகச் சொல்லத் தெரியாது. இருபத்து நாலு வருஷத்துக்கு முந்தைய அந்தப் புதன்கிழமையை, விடியலில் தன் அம்மா வாசலில் சாணி தெளித்ததிலிருந்து, பொழுது சாய்கையில் பந்தல்காரர் கழற்றிய மூங்கிலைத் தோளில் போட்டுக்கொண்டு போனது வரைக்கும், ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். சமையல்காரர் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி மொண்டு ஊதிக் குடித்துப் பார்த்தார். "இது அந்தக் காலத்துத் தண்ணியாச்சேங்க" என்றார்.

ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை, பந்தி போட வேண்டியிருந்தது. நாலு பேராகச் சேர்ந்து இன்னொரு அண்டாவையும் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்து, இன்னொரு நாளைச் சொல்லச் சொன்னோம். அவளும் சொன்னாள். சாப்பிட்டுக் கைகழுவியபின் வெற்றிலை போட்டுக்கொண்டே நாங்கள் அவளிடம் கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "இத்தன வருசமா எனத்துக்கு இதச் சொல்லாம கமுக்கமா இருந்தே?" என்று கேட்டோம். கேட்டவர்களில் நானும் ஒருத்தி. என் பெயர் கமலாத்தாள், அவளுக்கு அடுத்த வீடு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.

அந்த ஐந்து வருஷம் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே நாச்சிமுத்து சாயப்பட்டறை வைத்தார். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் மாமனோ மச்சானோ ஆகிறவர். பட்டறையிலிருந்து ஒரு குழாயை ஆற்றில் விட்டார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டில் அந்த வருஷம் எந்த நிறத்தில் பனியன் போடுகிறார்கள் என்பதை நாங்கள் ஆற்றைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். ஆறு போனது, பின்னாலேயே கிணறும் போனது. பால் ஊற்றினால் டீ திரிந்தது, சோப்பு நுரைக்கவில்லை, இளநீரை வெட்டினால் துருப்பிடித்த வாசம் வந்தது. துளசிமணியின் ஒரே மகள் பூங்கொடி இரண்டு கிட்னியும் சுருங்கிப்போய்ப் பதினொரு வயதில் செத்தாள். புருஷன் மறு வருஷமே ஈரோட்டுப் பக்கம் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டான். துளசிமணி பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போய், துணியை மடித்து மடித்து அடுக்கி, தன் நாட்களையும் அப்படியே தலைக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

அவள் ஞாபகம் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெரிய விசேஷங்களை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இவளுக்கு ஒன்றுமே நடக்காத நாட்களும் இருந்தன. எந்தத் தேதியைச் சொன்னாலும், அன்றைக்கு என்ன குழம்பு, எந்தப் பக்கத்துக் காற்று, பஸ்ஸில் எந்தக் கண்டக்டர், யார் யாரோடு பேசாமல் இருந்தார்கள் என்று சொல்லிவிடுவாள். அதை நாங்கள் ஒரு கேலியாகத்தான் வைத்திருந்தோம். பருப்பு வெந்த நாளிலிருந்து அது ஊர்ச் சொத்தாகிவிட்டது.

அடுத்த வாரமே நாலு பெரியவர்கள் கூடி முறை எழுதினார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு அவள் வாசலில் குடங்களை வைக்க வேண்டும், அவள் ஒரு நாளைச் சொல்ல வேண்டும், அவள் குரல் கேட்கிற தூரம் வரைக்கும் இருக்கிற தண்ணீரெல்லாம் அந்த நாளின் தண்ணீராகும், பிறகு அவள் வேலைக்குப் போய்க்கொள்ளலாம். காலனிக்காரர்களின் குடங்கள் மட்டும் அவள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் வரிசையாக இருக்க வேண்டும் என்றும் அதே முறையில் எழுதினார்கள். எந்தக் காலத்துத் தண்ணீராக மாறினாலும் எங்கள் புத்தி மட்டும் மாறாது. துளசிமணி அதைப் பற்றி யாரிடமும் வாக்குவாதம் செய்யவில்லை. கேட்டுக்கு வெளியே கடைசிக் குடத்துக்கும் கேட்கிற மாதிரி தொண்டையை உயர்த்திச் சொன்னாள், அதில் அவளுக்குக் குரல் கரகரத்துப் போனது, பிறகு அந்தக் கரகரப்பே இரும்பு மாதிரி இறுகிக்கொண்டது.

போகப் போக எங்களுக்கு நாக்கு நீளமாகிவிட்டது. மழை பெய்த நாளைச் சொன்னால் தண்ணீர் கலங்கலாக வருகிறது, வேண்டாம் என்றோம். தை மாதத்துத் தண்ணீர் பல்லுக்குக் கூசுகிறது என்றோம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க வைகாசி ஏற்றது, ஊறுகாய்க்குப் பங்குனி என்று ஒருத்தி கண்டுபிடித்தாள், எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் வந்து கேனில் பிடித்துக்கொண்டு போனார்கள். நாச்சிமுத்து வீட்டிலிருந்து தினமும் நாலு குடம் வந்தது, நாங்கள் அதை முதல் வரிசையில் வைக்க இடம் விட்டோம். ஆற்றைக் கெடுத்தவன் வீட்டுக்கு நல்ல தண்ணீர் போவது எங்கள் கண்ணில் உறுத்தவே இல்லை. ஒரு மனு, ஒரு கையெழுத்து, ஒரு நாள் ரோட்டில் உட்கார்ந்தோம் என்று ஒன்றும் கிடையாது. அதுதான் காலையில் ஏழு மணிக்குத் தண்ணீர் கிடைத்துவிடுகிறதே!

சொன்ன நாள் அவளை விட்டுப் போய்விடுகிறது என்பது மூன்றாம் வருஷத்தில் தெரிந்தது. காங்கேயத்திலிருந்து அவள் அண்ணன் வந்திருந்தார், சின்ன வயதில் இரண்டு பேரும் சோளக்காட்டில் வழிதவறி அழுதுகொண்டு நின்றதைச் சொல்லிச் சிரித்தார். துளசிமணி மரியாதைக்குச் சிரித்துவிட்டு, "யாருங்கண்ணா, நானுமா வந்திருந்தேன்?" என்று கேட்டாள். அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. அவர் போனபிறகு அவள் வாசலில் நின்று எங்களிடம் சொன்னாள்.

"ஒரு நாளச் சொன்னா அது என்னய உட்டுப் போயிருதுங்க. தேடிப் பாக்கறேன், வெறும் எடமாக் கெடக்குது."

"போனாப் போவுது போ, உனக்குத்தான் மூட்ட மூட்டையா நாளு இருக்குதல்ல?" என்றார் ஊர்க்கவுண்டர் ஆறுமுகம். நாங்கள் தலையாட்டினோம், குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

அப்படியே பத்தொன்பது வருஷம் குடித்தோம். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போன நாட்களைக் குடித்தோம், பெரிய மனுஷியானதைக் குடித்தோம், அப்பன் செத்ததையும் முதல் சம்பளத்தில் வாங்கிய சேலையையும் தாலி கட்டிக்கொண்ட நாளையும் குடித்தோம், ரசம் வைத்தோம், குளித்தோம், மாட்டுக்குக் காட்டினோம். ஒரு நாள் காலையில், குடங்கள் எல்லாம் வரிசையில் இருக்க, அவள் கதவைத் திறந்து வெளியே வந்து கும்பிட்டுச் சொன்னாள்.

"நேத்தோட தீந்துபோச்சுங்க. இனி இருக்கறதெல்லாம் பூங்கொடி பொறந்த பொறவு. அதுல ஒண்ணுகோடத் தரமாட்டேன்."

மகள் பிறந்தபின் ஏழு வருஷம் ஆறு நன்றாகத்தான் இருந்தது, அது எங்களுக்கும் கணக்குத் தெரியும். கெஞ்சினோம். ஏழு வருஷத்தில் ஒரு வருஷம் போதும் என்றோம். "புள்ள போய்ச் சேந்துட்டா, அவ நாள வெச்சு என்ன பண்ணப் போற?" என்று ஒருத்தி வாய்கூசாமல் கேட்டாள். துளசிமணி அவளைப் பார்த்த பார்வையில் அவள் குடம் கையிலிருந்து நழுவியது. அதற்குப் பிறகு துளசிமணியோடு பேச்சை நிறுத்தினோம், விசேஷத்துக்கு அழைக்கவில்லை, அவள் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து சீட்டைக் காலியாக விட்டோம். கொடுத்தவளுக்கு நாங்கள் செய்த மரியாதை அது.

பருப்பு மறுபடியும் கல்லானபோதுதான் சாயப்பட்டறை எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக மனு எழுதினோம். ஒரு மாதத்தில் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆபீசர் ஜீப்பில் வந்து ஆறுமுகம் வீட்டு முன்னால் இறங்கினார். வந்த மனுஷன் யாராக இருந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆபீசருக்கு அந்த உப்பு மூத்திரத்தைக் கொடுப்பதா? எல்லோருக்கும் வெட்கம் வந்துவிட்டது. விசேஷத்துக்கென்று ஆளாளுக்கு மண்பானையில் மூடி வைத்திருந்த கடைசி நல்ல தண்ணீரை ஓடிப்போய் எடுத்துவந்தோம். அவர் ஒரு சொம்பு குடித்தார், இன்னொரு சொம்பு கேட்டார். பிறகு பையிலிருந்து பாட்டில்களை எடுத்து, குடிக்கிற தண்ணீரில் ஊற்றித் தரச் சொன்னார். விருந்தாளி நீட்டிய பாட்டிலில் கெட்டதை ஊற்ற எங்களில் ஒருத்திக்கும் கை வரவில்லை. அதே பானையிலிருந்து ஊற்றிக் கொடுத்தோம், நானும் ஒரு பாட்டிலை நிரப்பி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தேன்.

இருபது நாளில் காகிதம் வந்தது. மாவட்டத்திலேயே இவ்வளவு சுத்தமான நிலத்தடி நீர் கிடையாதாம். நாச்சிமுத்து அதைச் சட்டம்போட்டுக் கண்ணாடிக்குள் மாட்டினார், கூடவே இரண்டாவது பட்டறைக்கு எழுதிப்போட்டார். கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம், அதே ஆபீசர் தலைமை, மதியம் சாப்பாடு என்று ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டினார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் நாச்சிமுத்துவும் ஆறுமுகமும் துளசிமணி வீட்டுக்கு வந்தார்கள். ஒரே சுவர் என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது.

"அம்மணி, நாளைக்கு வர்றவீகளுக்கு நல்ல தண்ணி குடுக்கோணும். ஒரே ஒரு நாளச் சொல்லு, மைக்கெல்லாம் கட்டியாச்சு. ஊரு மானம் உன்ற கையில இருக்குது" என்றார் ஆறுமுகம்.

"பூங்கொடி இருந்த நாளா இருந்தாலும் பரவாயில்லீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"எந்த நாளா இருந்தா என்ன கண்ணு?" என்றார் நாச்சிமுத்து.

"சரிங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் போனபிறகு சுவரைத் தட்டி, ஏன் ஒத்துக்கொண்டாய் என்று கேட்டேன். பேச்சை நிறுத்தியவள் நான்தானே, அந்தப் பக்கம் அவள் தாழ்ப்பாள் போடுகிற சத்தம்தான் கேட்டது.

மறுநாள் பதினோரு மணிக்கு மண்டபத்தில் அறுநூறு பேர். மேடையில் ஆபீசர், நாச்சிமுத்து, ஆறுமுகம், ஆளுக்கொரு சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில், நடுவில் ஒரு வெள்ளிச் சொம்பு. கீழே ஆளுக்கொரு டம்ளர், பின்கட்டில் ரசம் கொதித்தது. ஊர்த் தண்ணீரின் பெருமையை நாச்சிமுத்து பத்து நிமிஷம் பேசிவிட்டு மைக்கைத் துளசிமணியிடம் கொடுத்தார்.

"செவ்வாக்கெழம, பங்குனி எட்டு" என்று அவள் ஆரம்பித்தாள். "பூங்கொடிக்குப் பத்து வயசு. வெள்ளன எந்திரிச்சுப் பல்லு வெளக்கிப்போட்டு, ரெட்டச் சட போடும்மான்னு வந்து நின்னா. பச்ச ரிப்பன் ஒண்ணுதான் இருந்துச்சு, இன்னொண்ணு நீலம்."

பத்து வயசு என்றால் குழாய் விட்டு மூன்று வருஷம் என்று நாங்கள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், மேடையில் சீல் உடைக்காத பாட்டில்களுக்குள்ளே தண்ணீர் கருஞ்சிவப்பாக இறங்க ஆரம்பித்தது. டம்ளர்கள் சிவந்தன, வெள்ளிச் சொம்பின் விளிம்பில் நுரை கட்டியது, பின்கட்டில் ரசத்தைப் பார்த்துச் சமையல்காரர் கத்தினார், மேல்தொட்டியிலிருந்து வருகிற குழாயெல்லாம் சிவப்பாக ஒழுகியது. அந்த வருஷம் வெளிநாட்டில் அந்த நிறம்தான் போட்டார்கள். மண்டபம் முழுக்கப் பட்டறை வாசம் எழும்பியது, குழந்தைகள் இருமின. நாச்சிமுத்து பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். பத்தொன்பது வருஷம் ரோட்டோரத்துக் கடைசிக் குடம் வரைக்கும் கேட்கச் சொன்னவளுக்கு மைக் எதற்கு? அவள் நிறுத்தாமல் அந்தச் செவ்வாய்க்கிழமையை அதன் சாயங்காலம் வரைக்கும் சொல்லி முடித்தாள். முடித்ததும் வெள்ளிச் சொம்பை எடுத்து இரண்டு கையாலும் ஆபீசருக்கு நீட்டினாள்.

"குடிங்க சார். என்ற புள்ள இதத்தான் குடிச்சா."

ஆபீசர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வேர்த்திருந்தது, ஆனாலும் ஆபீசர் ஆபீசர்தான். "இருக்கலாம்மா. ஆனா நீங்க சொல்றது இருவது வருஷத்துக்கு முந்தின தண்ணி. அத வச்சு நான் இப்ப என்ன எழுத முடியும்?" என்றார்.

துளசிமணி சொம்பைக் கீழே வைத்தாள். அவள் கோபப்பட்டு நாங்கள் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தோம்.

"அப்பிடீங்களா? அன்னீலிருந்து இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு நாளாச் சொல்றனுங்க. எந்த நாள்ல இது நல்ல தண்ணியாச்சுன்னு நீங்களே கையக் காட்டுங்க, நிறுத்திக்கறேன். மறுநா, புதங்கெழம."

புதன்கிழமை சொன்னாள், சொம்பில் சிவப்பு கறுத்தது. வியாழக்கிழமை சொன்னாள், ஊதாவானது. வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. மகள் உயிரோடிருந்த ஒவ்வொரு நாளையும் அவள் எங்கள் கண் முன்னால் எடுத்து வீசிக்கொண்டிருந்தாள். வீசிய நாள் திரும்பாது என்பது அந்த மண்டபத்தில் ஆபீசரைத் தவிர எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் எழுந்து போதும் என்று சொல்லவில்லை. அடுத்து என்ன நிறம் வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தோம். நாச்சிமுத்து ஆட்களை விட்டு அவளை இழுக்கப் பார்த்தார், அவர்கள் பக்கத்தில் போகவே பயந்தார்கள். ஆபீசர் ஒவ்வொரு நாள் முடியும்போதும் சொம்பைப் பார்த்தார், கையைக் காட்டவில்லை. பதினோராவது நாள், மகள் கால்வீக்கத்தோடு முதல் முறையாகப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்த நாள் என்று அவள் ஆரம்பித்தபோது, அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பேனாவை எடுத்தார். பழைய காகிதம் செல்லாது, இரண்டாவது பட்டறைக்கு அனுமதி கிடையாது, முதல் பட்டறையை இன்றே பூட்டவேண்டும் என்று மேடையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி இரண்டு ஆகியிருந்தது.

நாங்கள் கைதட்டினோம். அதுவரை இரண்டாவது பட்டறையில் வேலை கேட்டு எழுதிக்கொடுத்தவர்கள்கூடத் தட்டினார்கள். ஆறுமுகம் ஒரு மாலையைத் தேடிக்கொண்டு ஓடினார். துளசிமணி யாரையும் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கி, முதல் வரிசைக்கு வந்து, என் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்கு உதடு வெடித்திருந்தது. கொடுக்க ஒரு வாய் தண்ணீர் அந்த மண்டபத்தில் இல்லை.

"கமலாக்கா, மொதல்ல என்ன நாளுங்க சொன்னேன்?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கெழம" என்றேன்.

"பூங்கொடி அன்னைக்கு என்ன பண்ணுனா? கேட்டீங்கள்ல, சொல்லுங்க."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். கைதட்டல் நின்றுவிட்டது. ரங்காத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள், அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெள்ளன எந்திரிச்சா" என்றேன். "ரெட்டச் சட போடச் சொன்னா. பச்ச ரிப்பன் ஒண்ணு, நீல ரிப்பன் ஒண்ணுதான் இருந்துச்சுன்னு சொன்னே."

அவள் கண்ணை மூடித் தேடிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடி வலித்தது.

"ரெண்டையும் கட்டிட்டா போனா? இல்ல கட்டமாட்டேன்னு அழுதாளா? அப்பொறம் என்னக்கா?"

மண்டபத்தில் அறுநூறு பேர் இருந்தோம். அவள் ரிப்பன் என்று சொன்னதிலிருந்து நாங்கள் எல்லோரும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.